மயில்கழுத்தில் ஒரு மை

நீல மைக்கு வங்கி, பள்ளிக்கூடம், பதிவு அலுவலகம் என்று எல்லா இடமும் சொந்தம். கறுப்பு பத்திரத்துக்கு. சிவப்பு வாத்தியார் கைக்கு. பச்சை கெஸட்டட் அதிகாரியின் கையெழுத்துக்கு. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் நிற்கும் மயில்கழுத்து நிறத்துக்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் நாற்காலி கிடையாது. தேர்வு எழுதப் போகிறவர்கள் இதைத் தொடக் கூடாது. காசோலையிலும் வேண்டாம், இப்போது காசோலை வங்கிவிட்டு வங்கி போவதில்லை, அதன் படம்தான் போகிறது, படத்தில் அழுத்தமாக விழும் மையே அதற்குச் சரி. ஆக, ஒருவர் இந்த நிறத்தில் எழுதுகிறார் என்றால் யாருடைய கட்டாயமும் இல்லாமல் தனக்காகவோ தனக்கு வேண்டியவருக்காகவோ எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நிறத்தின் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு முதல் காரணம் அதுதான்.

இப்போது பேனாவில் ஏற்றியிருப்பது ஜப்பானின் பைலட் நிறுவனம் இரோஷிசுகு என்ற வரிசையில் தரும் கு-ஜாகு. பெயருக்கே மயில் என்றுதான் பொருள். 2007-இல் தொடங்கிய வரிசை. அந்த நாட்டின் இயற்கைக் காட்சிகளைப் பார்த்து ஒவ்வொரு நிறத்துக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று மாலைச் செவ்வானம், ஒன்று மூங்கில் காடு, ஒன்று நிலா இரவு. 50 மில்லி புட்டி கனத்த கண்ணாடியில் வருகிறது. அடியில் நடுவே ஒரு சின்னக் குழி இருக்கும். மை குறைந்து தரைதட்டும் காலத்தில் மிச்சமெல்லாம் அந்தக் குழிக்குள் வந்து சேரும். நிப்பை அதில் இறக்கிக் கடைசிச் சொட்டுவரை எடுக்கலாம். மையை மதிக்கிறவர்கள் செய்த புட்டி என்பது அந்தக் குழியிலேயே தெரிகிறது. 15 மில்லியில் சின்னப் புட்டியும் உண்டு. புதிதாக வாங்குகிறவர்களுக்கு அதுவே போதும், விலை அப்படி.

இதே நிறத்துக்கு உலகில் வேறு பெயர்களும் உண்டு. 1864-இல் தொடங்கிய இங்கிலாந்தின் டயமைன், 'டீல்' என்றே ஒரு மை விற்கிறது. ஜப்பானின் செய்லரிடம் 'யாமாடோரி' இருக்கிறது, அதில் சிவப்புப் பளபளப்பு அதிகம். பிரான்ஸின் ஹெர்பான் 2015-இல் தங்கத் துகள் கலந்து 'எமரால்ட் ஆஃப் சிவோர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது மைப் பிரியர்கள் வட்டாரமே அதைப் பற்றித்தான் பேசியது. துகள் மை எனக்குப் பிடிப்பதில்லை. மினுக்கு வெளியே இருந்து போட்டதாக இருக்கக் கூடாது, சாயத்துக்குள்ளிருந்தே வர வேண்டும் என்பது என் கட்சி. கு-ஜாகுவை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு மையைச் சோதிக்கிறவர்கள் வழக்கமாகப் பஞ்சில் நனைத்துத் தாளில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள். அது பார்வைக்கு அழகு, தகவலுக்கு உதவாது. யாரும் பஞ்சால் எழுதுவதில்லை. மை ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காயும்போது வேறு, காய்ந்து சில மணி நேரம் கழித்து மூன்றாவது ஒன்று. கு-ஜாகு நிப்பிலிருந்து இறங்கும்போது கிட்டத்தட்ட கருநீலம் மாதிரிதான் இருக்கிறது. ஈரம் இழுக்க இழுக்கப் பச்சை மேலே வருகிறது. முதல் வரியின் தலைப்பிலிருந்து எழுதிக்கொண்டே போய் பத்தாவது வரியில் நிறுத்தி மேலே பார்த்தால், ஒரே பக்கத்தில் இரண்டு மை வைத்து எழுதியதுபோலத் தெரியும். அப்புறம் கீழே உள்ளதும் மேலே உள்ளதோடு சேர்ந்துகொள்ளும். எனவே சோதிப்பது என்றால் நிறைய எழுதுவதுதான். மளிகைச் சீட்டு, கடிதம், இந்தப் பத்தியின் முதல் பிரதி எல்லாம் இந்த மையில் எழுதிப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன்.

பேனா திருவள்ளூரில் கடைசல் பிடித்துச் செய்த எபொனைட் பேனா. ஃபில்லரால் நேரே உடம்புக்குள் மையை ஊற்றும் பழைய ரகம். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்து இறுக்கியதுதான் எபொனைட். நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கும் அதே பொருளில் இருந்தால் மை அதில் பிடித்து நிற்கும், ஒழுங்காக வரும். வழுவழுப்பான பிளாஸ்டிக் நாக்கைவிட இது தாராளம். தாராளமாக மை விடும் பேனாவில்தான் இந்த நிறத்தின் முழுக் கணக்கும் தெரியும். மெல்லிய நிப்பில் எழுதினால் வெறும் பச்சை கலந்த நீலம், அவ்வளவுதான். நடுத்தர நிப்பு, அதற்கு மேல் பட்டை நிப்பு என்று போகப் போக மை பேச ஆரம்பிக்கிறது. ஊற்றும் பேனாவில் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். மை கால்வாசிக்குக் குறைந்தால் உள்ளே காற்று அதிகமாகிவிடும், கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும், பேனா கக்கும். பாதி ஆனதுமே மறுபடி நிரப்பிக்கொள்வது நல்லது.

இனி எழுத்துக்கு வருகிறேன். இந்த மையைப் பற்றி நான் படித்த குறிப்புகள் எல்லாமே ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தவர்கள் சொன்னவை. ஒரு சொல் முழுவதையும் பேனா எடுக்காமல் கூட்டெழுத்தில் இழுத்துப் போகும் கை அவர்களுடையது. மை நீண்ட கோட்டில் ஓடும். தமிழ் அப்படியில்லை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி. எழுத்து முடிந்ததும் நிப்பு ஒரு நொடி நின்று, எழும்பி, அடுத்த இடத்தில் இறங்குகிறது. நிற்கும் அந்த நொடியில்தான் மை தேங்குகிறது. ஆகவே தமிழில் எழுதும்போது கருமை, ஒவ்வோர் எழுத்தின் வாலிலும் வந்து உட்கார்கிறது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 'ண' எழுதும்போது சுழிகளைக் கை வேகமாகச் சுற்றிவிடுகிறது. அங்கே மை வெளிர்ந்து, கடலோரத் தண்ணீரின் பச்சையாக இருக்கிறது. கடைசிக் கோடு மேலேறி இறங்கி நிற்கும் இடத்தில் அடர்ந்த மயில் நீலம். 'ட'வில் கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பும் மூலையில் கை தயங்குகிறது, மூலை கருக்கிறது. 'ப'வில் இரண்டு மூலையிலும் அதே கதை. 'ழ'வின் கீழ்ச்சுழிக்குள் மெல்லிய பச்சை, வால் முனையில் ஒரு துளி இருட்டு. ஐகாரக் கொம்பு இரட்டைச் சுழி என்பதால் ஒரு சுழி வெளிறி, அடுத்தது கறுத்து விழுகிறது. நீல மையிலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் அங்கே அது வெளிர் நீலம், அடர் நீலம் என்று ஒரே வீட்டுக்குள் நடக்கும் விஷயம். இங்கே வெளிறும் இடம் பச்சைக்குப் போகிறது, கருக்கும் இடம் நீலத்துக்குப் போகிறது. ஒரே எழுத்தில் இரண்டு நிறம்.

எல்லாவற்றுக்கும் மேல் புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்கு இழுப்பு கிடையாது. நிப்பு தொடுகிறது, எடுத்துவிடுகிறது. ஒரு சொட்டு அப்படியே நின்று காய்கிறது. நல்ல தாளில் அந்தச் சொட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றிச் செம்பு நிறத்தில் ஒரு வளையம். 'எழுத்து' என்ற சொல்லில் ஒரு புள்ளி, 'தமிழ்' என்பதில் ஒன்று. ஒரு பக்கம் தமிழ் எழுதினால் நூற்றுக்கணக்கில் புள்ளிகள். மேசை விளக்கின் கீழ் தாளை அசைத்தால் அத்தனையும் மாறி மாறிச் சிவக்கின்றன. இந்த மையைச் செய்தவர்கள் தமிழ் எழுத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் புள்ளி வைத்த ஓர் எழுத்துமுறைக்கு இவ்வளவு பொருந்துகிற மையை நான் வேறு பார்த்ததில்லை.

அந்தச் செம்பு நிறம் எங்கிருந்து வருகிறது? காஞ்சிபுரம் பட்டில் பாவு நீலமாகவும் ஊடை பச்சையாகவும் ஓட்டி, டபுள் ஷேடில் மயில்கழுத்துச் சேலை நெய்வார்கள். மடிப்பு திரும்பும்போது நிறமும் திரும்பும். மையில் நடப்பது வேறு. தாள் மையை உடனே குடித்துவிட்டால் சாயம் நார்களுக்குள் பரவிப் படிந்துவிடுகிறது, மேலே பளபளப்பு எதுவும் நிற்காது. குடிக்காத தாளில் தண்ணீர் மெல்ல ஆவியாகிறது, சாயம் மேற்பரப்பிலேயே மெல்லிய படலமாக இறுகுகிறது. அப்படி இறுகிய படலம் ஊடுருவும் ஒளியில் ஒரு நிறமும், பட்டுத் திரும்பும் ஒளியில் வேறொரு நிறமும் காட்டும். நீல, பச்சைச் சாயங்களுக்கு அந்த இரண்டாவது நிறம் பெரும்பாலும் சிவப்பு.

அதனால் பாதிச் சோதனை மையைப் பற்றியது, மீதிப் பாதி தாளைப் பற்றியது. ஜப்பானின் டோமோயே ரிவர் தாள் 52 ஜி.எஸ்.எம்.தான், காற்றில் பறக்கிற கனம். அதில் இந்த மை ஒரு பிசிறும் இல்லாமல் நின்று முழுச் சிவப்பையும் காட்டுகிறது. அதைவிட இரண்டு மடங்கு கனமான கைவினைத் தாளில் எழுதினேன். மை நாலாபக்கமும் ஊறி, எழுத்துக்கு மீசை முளைத்துவிட்டது. கனத்தில் ஒன்றுமில்லை. தாளுக்கு ஏற்றும் பசைதான் மையைத் தடுத்து நிறுத்துகிறது. நம் கடைகளில் கிடைக்கும் லாங் சைஸ் நோட்டுகளில் இந்தப் பசையேற்றம் கட்டுக்குக் கட்டு மாறுகிறது. ஒன்றில் அழகாக நிற்கும் மை, அதே அட்டை போட்ட அடுத்த நோட்டில் மறுபக்கம் வரை போகிறது. நோட்டு வாங்கும்போது கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கக் கடைக்காரர் விட்டால் வைத்துப் பார்த்துவிடுங்கள். கோடு தேவையில்லை, புள்ளி போதும். ஊறுமா ஊறாதா என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. வடிதாளில் ஒரு கீற்று வெட்டி, அடியிலிருந்து கொஞ்சம் மேலே ஒரு சொட்டு மை வைத்து, நுனி மட்டும் தண்ணீரில் படும்படி நிறுத்தினால் போதும். பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் பார்த்த அதே ஆட்டம். தண்ணீர் ஏற ஏற மயில்கழுத்து பிரிகிறது. மஞ்சள் சாயல் ஒரு பக்கம் ஒதுங்க, பளிச்சென்ற நீலம் இன்னொரு பக்கம் ஏறுகிறது. நாம் ஒன்று என்று நினைத்தது இரண்டு மூன்று சாயங்களின் கூட்டு. எந்தச் சாயம், எவ்வளவு என்பதைக் கம்பெனிகள் வெளியே சொல்வதில்லை. ஆனால் இந்த நிறக் குடும்பத்துக்குப் பின்னால் ஒரு பொதுக் கதை உண்டு.

1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் என்ற ஊரில் ஒரு சாயத் தொழிற்சாலை. வெள்ளை நிறத்தில் வர வேண்டிய ஒரு ரசாயனத்தில் நீலப்பச்சை அழுக்கு கலந்து வந்தது. தேடிப் பார்த்தால், கொதிகலத்தின் உட்பூச்சு விண்டு, உள்ளே இருந்த இரும்பு ரசாயனத்தோடு சேர்ந்திருக்கிறது. அந்த அழுக்கை வீசி எறியாமல் எடுத்து ஆராய்ந்தார்கள். தாலோசயனின் என்ற பெரிய நிறக் குடும்பம் அப்படித்தான் தொழிலுக்குள் வந்தது. லண்டனில் பேட்ரிக் லின்ஸ்டெட் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார். இரும்பு இருந்த இடத்தில் செம்பை வைத்தால் இன்னும் அழகான நீலம் கிடைக்கும் என்று தெரிந்தது. 1930-களின் நடுவில் அது விற்பனைக்கே வந்துவிட்டது. அதையே தண்ணீரில் கரையும்படி மாற்றினால் டர்க்காய்ஸ் சாயம். பருத்தித் துணிக்கும் பிரிண்டர் மைக்கும் இன்றுவரை அது போகிறது. கூடக் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தால் நம் மயில்கழுத்து வந்துவிடும்.

மயிலுக்கு இந்தச் சாயம் எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. மயிலிறகில் நீலச் சாயமோ பச்சைச் சாயமோ இல்லை. இருப்பது பழுப்பு நிற மெலனின் மட்டும். அது நுண்ணிய கம்பிகளாக வரிசைகட்டி நிற்கிறது. கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம் கொஞ்சம் மாறினால் நீலம் பச்சையாகிறது, பச்சை மஞ்சளாகிறது. நம் வயல்வெளிகளில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையின் நீலத்துக்கும் சாயம் காரணமில்லை. உட்கார்ந்திருக்கும்போது மங்கலாக இருந்து, பறக்கும்போது சிறகை விரித்தால் இந்த மையின் நிறம் முழுதும் அங்கே இருக்கும். அதன் இறகுக்கு அந்த நிறம் எப்படி வருகிறது என்று சர் சி.வி.ராமன் 1934-இல் ஒரு கட்டுரையே எழுதினார். ஒளியை ஆராய்ந்து நோபல் வாங்கியவர் ஒரு பனங்காடை இறகை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை நினைத்தால், நிறத்துக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவழிப்பதில் எனக்குக் கூச்சமே வருவதில்லை.

வாங்குவதற்கு முன் செல்போனில் படம் பார்த்து முடிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நிறத்தைப் படம் பார்த்து வாங்காதீர்கள். திரைகள் காட்டக்கூடிய நிறங்களுக்கு ஓர் எல்லை உண்டு. அழுத்தமான நீலப்பச்சை அந்த எல்லைக்கு வெளியே விழுகிற நிறங்களில் ஒன்று. அதனால் ஒரே மை ஒரு படத்தில் நீலமாகவும் இன்னொன்றில் பச்சையாகவும் இருக்கும். நேரில்கூட, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் நீலம் தூக்கலாகத் தெரிவது, மஞ்சள் பல்புக்குக் கீழே பச்சைக்குச் சாய்கிறது. எழுதிய தாளை யாரிடமாவது வாங்கி இரண்டு வெளிச்சத்திலும் பாருங்கள். அதுதான் நம்பகமான வழி.

வீட்டில் இருக்கும் நீலத்தையும் பச்சையையும் கலந்தால் என்ன என்று கேட்பீர்கள். கலக்கலாம். ராயல் ப்ளூ என்று விற்கும் கழுவினால் போகும் நீலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் சாயம் புளிப்புத் தன்மையில்தான் நிறம் காட்டும். காரத்தன்மையுள்ள பச்சை மை அதோடு சேர்ந்தால் நீலம் வெளுத்துப்போகும். டர்க்காய்ஸில் சொட்டுச் சொட்டாகப் பச்சையை விட்டுக் கலப்பது தேவலை. கலந்ததைச் சின்னக் குப்பியில் மூடி ஓரிரு நாள் வைத்து, அடியில் வண்டல் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே பேனாவில் ஊற்ற வேண்டும். இரண்டு கம்பெனிகளின் மை ஒத்துப்போகாமல் திரிந்துவிட்டால் நாக்கின் மெல்லிய வாய்க்காலில் போய் அடைத்துக்கொள்ளும்.

கழுவுவதும் லேசில்லை. டர்க்காய்ஸ் குடும்பத்துச் சாயங்களுக்குப் பிடிவாதம் அதிகம். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நினைத்து வைத்தால், மறுநாள் மூடிக்குள் மெல்லிய நீலம் கசிந்திருக்கும். சென்னை பாரிமுனைப் பக்கம் பல வருடங்களாகப் பேனா பழுது பார்க்கும் பெரியவரிடம் கேட்டேன். "சார், இந்தக் கலரெல்லாம் ஊத்துனா அந்தப் பேனாவை அந்த மைக்கே எழுதி வெச்சிடுங்க. மாத்தி மாத்தி ஊத்தாதீங்க" என்றார். அப்படியே செய்துவிட்டேன். திருவள்ளூர் பேனா இனி மயில்கழுத்துக்குத்தான்.

தபால் உறையில் முகவரி எழுத இதை எடுப்பதில்லை. ஒரு தூறல் விழுந்தால் மஞ்சளும் பெரும்பகுதி நீலமும் கரைந்து ஓடிவிடும்; தபால்காரருக்கு அது தொல்லை. உள்ளே இருக்கும் கடிதத்துக்கு இதுதான். நாட்குறிப்புக்கும், படிக்கும் புத்தகத்தின் ஓரக்குறிப்புக்கும் இதுதான். அச்சின் கறுப்புக்குப் பக்கத்தில் இந்த நிறம் கண்ணை உறுத்தாமல், அதே சமயம் தொலைந்தும் போகாமல் நிற்கிறது. நீண்ட நேரம் எழுதினாலும் படித்தாலும் கண்ணுக்குச் சோர்வு தெரியவில்லை.

ஒரே ஒரு மனக்குறை விலை. ஒரு புட்டிக்குக் கொடுக்கிற பணத்தில் உள்ளூர் மை புட்டி புட்டியாக வாங்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் தொட முடியாத தூரத்தில் இந்த நிறம் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மை செய்வது நமக்குப் புதிய தொழிலும் இல்லை. சுதேசி இயக்கத்தின் காலத்தில், 1934-இல் வங்காளத்தில் தொடங்கிய சுலேகா இடையில் மூடப்பட்டு இப்போது மீண்டும் மை விற்கிறது; கொல்கத்தாவின் யாதவ்பூரில் அதன் பெயரில் ஒரு பேருந்து நிறுத்தமே இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் கிருஷ்ணா மைகள் சின்ன அளவில் செய்து வெளிநாட்டுக்காரர்களும் தேடி வாங்கும் பெயரை எடுத்திருக்கின்றன. கரும்புச் சக்கையில் தாள் செய்யும் டி.என்.பி.எல். ஆலை கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் இருக்கிறது. பேனாவோ திருவள்ளூரில் கடைசல் பிடிக்கிறார்கள். நிறமும் நம் பட்டுக்கடையில் கேட்டால் எடுத்துப் போடுகிற நிறம். மை ஊறாத அளவுக்குப் பசை ஏற்றிய ஒரு நோட்டும், பள்ளிப் பிள்ளை வாங்கக்கூடிய விலையில் ஒரு மயில்கழுத்து மையும் சேர்ந்து வந்தால் முதல் நாளே போய் வாங்குவேன், தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு புட்டி கொடுப்பேன். மைத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், சோதித்துப் பார்க்கத் தமிழில் எழுதிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் புள்ளிகளைப் பாருங்கள்.